மாக்சிமிர் மைதானத்தில் போர் தொடங்கியதா?

கேள்வி

1990 மே 13 அன்று சாக்ரெப் நகரில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தில்தான் யுகோஸ்லாவியப் போர் தொடங்கியது என்று படித்தேன். ரசிகர் வெறி ஒரு நாட்டையே உடைத்துவிட்டது. இங்கே ஐபிஎல் வந்துவிட்டால் என் மகன் இன்னொரு அணி ரசிகர்களோடு இராப்பகலாகப் போனில் வசைபாடிக்கொண்டிருக்கிறான். கட்சிக்காரர்களும் அதே பாஷையில்தான் பேசுகிறார்கள். விளையாட்டில் தொடங்குவது போரில் போய் முடிகிறது. மறுப்பவர் உண்டா?

13 மே 2024, இரவு 9.50

நான் பாதி மறுக்கிறேன்.

முதலில், அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா எல்லாம் சேர்ந்த ஒரே நாடாக அப்போது யுகோஸ்லாவியா இருந்தது. குரோஷியத் தலைநகரின் டைனமோ சாக்ரெப்பும் செர்பியத் தலைநகரின் ரெட் ஸ்டார் பெல்கிரேடும் சாக்ரெப்பின் மாக்சிமிர் மைதானத்தில் மோத வேண்டிய நாள் அது. ஆட்டம் தொடங்கும் முன்பே கேலரி பற்றிக்கொண்டது. பெல்கிரேடிலிருந்து ஏறக்குறைய 3,000 ரெட் ஸ்டார் ரசிகர்கள் வந்திருந்தார்கள். டெலியே என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். விளம்பரப் பலகைகளைப் பிடுங்கினார்கள், நாற்காலிகளை உடைத்து எறிந்தார்கள், கைக்கெட்டிய டைனமோ ஆட்களை அடித்தார்கள். எதிர்ப்பக்கம் பேட் புளூ பாய்ஸ் என்ற டைனமோ கூட்டம் வேலியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கியது. அப்புறம் தடியடி, கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சும் வண்டி.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1989இல் செர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் ஆட்கள் கொசோவோ மாகாணத்தின் தன்னாட்சியைப் பறித்தாயிற்று. 1990 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் அனைத்து யுகோஸ்லாவிய மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியர்களும் குரோஷியர்களும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். குரோஷியாவில் பல கட்சித் தேர்தல் நடந்து குரோஷிய தேசியவாதத் தலைவர் துஜ்மானின் கட்சி ஜெயித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆக, நாடு முதலில் விரிசல் விட்டது மாநாட்டு மண்டபத்தில். மைதானம் அதற்கு நாலு மாதம் பின்னால். துப்பாக்கி பிடித்த போர் அதற்கும் ஒரு வருஷம் கழித்து.

ஆனால் அன்று அங்கே அடித்துக்கொண்டவர்களில் பலர் பிற்பாடு சீருடை மாட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றது உண்மை. எப்படிப் போய் நின்றார்கள் என்பதுதான் நாம் பேச வேண்டியது. அதை விட்டுவிட்டு "வெறி, வெறி" என்று மட்டும் சொன்னால் குற்றம் செய்தவன் தப்பித்துவிடுவான்.

14 மே, காலை 7.15

டைனமோ வீரர் போபன் போலீஸ்காரரை எகிறி உதைத்த படத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஸ்வோனிமிர் போபனுக்கு அப்போது 21 வயது. கீழே விழுந்த ரசிகரைப் போலீஸ் அடிப்பதைப் பார்த்துப் பாய்ந்தார். அதனால் தடை வந்து அந்த வருஷ உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனது. குரோஷியர்களுக்கு அது "செர்பியப் போலீஸை உதைத்த கால்". உண்மையில் உதைபட்டவர் போஸ்னிய முஸ்லிம். எல்லோரும் பார்த்த படத்தில் இருந்த ஆளே வேறு இனம் என்பது எவருக்கும் தேவைப்படவில்லை.

14 மே, இரவு 11.05

"ஆயிரம் வருஷப் பகை, பூனையும் எலியும் மாதிரி, மைதானத்தில் வெடித்தது" என்று நடுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த ஆயிரம் வருஷக் கணக்கைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

1980 மே 4. ஸ்ப்ளிட் நகரம், போல்யுட் மைதானம். குரோஷியாவின் ஹைடுக் அணியும் அதே ரெட் ஸ்டாரும் ஆடிக்கொண்டிருக்கின்றன. முதல் பாதி முடியுமுன் ஆட்டத்தை நிறுத்தி, யுகோஸ்லாவியாவை நெடுங்காலம் ஆண்ட டிட்டோ இறந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். வீரர்கள் புல்லில் விழுந்து அழுகிறார்கள். இரண்டு அணிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்கிறார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று "தோழர் டிட்டோ, உன் பாதையிலிருந்து விலக மாட்டோம்" என்ற பொருளில் ஒரு பாட்டைப் பாடுகிறது. ஒளிப்பதிவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். பாடுகிறவர்கள் குரோஷியர்கள். மைதானத்தில் அழுகிறவர்களில் செர்பியர்களும் உண்டு. யாரும் அவர்களை வாடகைக்குப் பிடித்து வந்ததாகத் தெரியவில்லை, அந்த அழுகை அப்படி இருக்கிறது.

அதே போல்யுட், 1990 செப்டம்பர் 26. ஹைடுக் பெல்கிரேடின் பார்ட்டிசானுடன் ஆடும்போது ஹைடுக் ரசிகர்கள் உள்ளே இறங்குகிறார்கள், கம்பத்தில் பறந்த யுகோஸ்லாவியக் கொடியை இறக்கி எரிக்கிறார்கள். பத்து வருஷம் நாலு மாதம். 1980இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்த பையன் 1990இல் தீக்குச்சி கிழித்திருக்கலாம்.

இடையில் நடந்தது என்ன? நாடு கடனில் மூழ்கியது, பணவீக்கம் தலைக்கு மேல் போனது, வேலை இல்லை. சும்மா இருக்கிற இளைஞனுக்கு "உன் கஷ்டத்துக்குக் காரணம் அவன்" என்று தினமும் டிவியும் பத்திரிகையும் ஓதின. இது பத்து வருஷத்தில் செய்து முடித்த வேலை. செய்தவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு.

16 மே, இரவு 10.20

ரெட் ஸ்டார் ரசிகர்களைப் படையாக மாற்றிய ஆர்கானைப் பற்றிக் கேட்டீர்கள்.

சொந்தப் பெயர் செல்கோ ரஸ்னாடோவிச். மேற்கு ஐரோப்பா முழுக்க வங்கிக் கொள்ளை, சிறை உடைத்து ஓட்டம் என்று பேர் எடுத்தவர். யுகோஸ்லாவிய உளவுத்துறையோடு அவருக்குப் பழைய பழக்கம் இருந்தது என்று பரவலாக எழுதியிருக்கிறார்கள். எண்பதுகளின் முடிவில் ரெட் ஸ்டாரின் வடக்கு கேலரி ஒழுங்கில்லாமல் கிடந்தது. தங்களுக்குள் பல கோஷ்டி. அதைவிட முக்கியம், கேலரியில் மிலோசெவிச்சுக்குப் போட்டியான தேசியவாதத் தலைவர்களின் பெயரும் கோஷமாக ஒலித்தது. அந்த நேரத்தில்தான் ஆர்கான் கேலரிக்கு வருகிறார். குழுக்களை ஒன்றாகக் கட்டுகிறார். தகராறு குறைகிறது, கோஷம் ஒரே குரலாகிறது.

1990 அக்டோபரில், மாக்சிமிருக்கு ஐந்து மாதம் கழித்து, செர்பியத் தன்னார்வக் காவல்படை தொடங்குகிறார். 'புலிகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். முதலில் சேர்ந்தவர்களில் பெரும் பங்கு அந்த கேலரிப் பையன்கள். 1991இல் கிழக்கு குரோஷியா. 1992 ஏப்ரலில் போஸ்னியாவின் பியெலினா. அங்கே ரான் ஹவிவ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் உலகம் முழுக்கத் தெரியும்: நடைபாதையில் ஊர்மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கிடக்கிறார்கள். புலிப்படைச் சிப்பாய் ஒருவன் கிடக்கிற பெண்ணை உதைக்கக் கால் ஓங்குகிறான். குளிர்கண்ணாடி தலையில் ஏற்றியிருக்கிறது. ஒரு கையில் சிகரெட். நான் அந்தப் படத்தில் அந்த சிகரெட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவசரமே இல்லாத கை அது.

கிழக்கு குரோஷியாவின் வூகோவார் நகரம் செர்பியத் தரப்பின் 87 நாள் முற்றுகைக்குப் பிறகு 1991 நவம்பர் 18இல் வீழ்ந்தது. நகரம் இடிபாடு. அடுத்த மார்ச் மாதம் பெல்கிரேடில் ரெட் ஸ்டாருக்கும் பார்ட்டிசானுக்கும் ஆட்டம். கேலரியில் சீருடையோடு புலிகள் வந்து நின்று சாலையோரத் தூரப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். வூகோவாருக்கு இவ்வளவு தூரம், இன்னும் இவ்வளவு தூரம், கடைசியில் "வூகோவார் வரவேற்கிறது". அரங்கம் கைதட்டியது. வழக்கமாக ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்தே தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

18 மே, மாலை 6.30

"இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில்" என்றால், நம் பக்கம் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அளவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அங்கே நடந்தது இனப்படுகொலை. நான் சொல்வது கூட்டம் கட்டும் விதம் மட்டும்.

எங்கள் அண்ணன் எண்பதுகளில் ஒரு நடிகரின் மன்றத்துக்குத் தெருச் செயலாளர். லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்ப், பதிவு எண் எல்லாம் உண்டு. படம் வரும் முன் ராத்திரி இரண்டு மணிக்கு மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவார்கள். மாடு போஸ்டரைத் தின்னாமலிருக்க அந்தத் துத்தம். கை முழுக்கப் பசை, தோளில் ஏணி, ஊர் தூங்குகிறது, இவர்கள் மட்டும் விழித்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருத்தனுக்கும் பிரயோஜனம் இல்லாதவன் என்று திட்டு வாங்குகிற பையனை அங்கே "செயலாளரே" என்று கூப்பிட்டார்கள்.

ஒரு தேர்தல் சமயம் கட்சிக்காரர் ஒருவர் புல்லட்டில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் டீ சொன்னார். அண்ணனிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை பசங்க தேறும்?" என்ன கொள்கை, யாருக்கு ஓட்டு, எதுவும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு எண்ணிக்கை சொன்னார். மறுநாள் வேன் வந்தது, கொடி வந்தது, மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் வந்தது. சாயங்காலம் பக்கத்துத் தெரு மன்றத்துப் பசங்களோடு சுவர் பிடிக்கிற தகராறு. சுண்ணாம்பு அடித்து வைத்த சுவரில் யார் சின்னம் வரைவது என்று. கல் பறந்தது. ஒரு பையனுக்கு நெற்றி கிழிந்து ஏழு தையல். புல்லட்காரர் அந்த இடத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் மன்றம் கட்சியாவது புதிதும் இல்லை, குற்றமும் இல்லை. 1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது ஊர் ஊராக இருந்த மன்றங்கள்தான் கிளைகளாக மாறின. 1973 மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயித்தார்கள். ஓட்டுக்கு நின்றார்கள், ஜனங்கள் போட்டார்கள், சரி. தயாராக நிற்கிற ஒரு கூட்டத்தை ஓட்டுச்சாவடிக்கும் கூட்டிப் போகலாம், வேறு இடத்துக்கும் கூட்டிப் போகலாம் என்பதுதான் என் கவலை.

19 மே, காலை 8.00

மகனைப் பற்றி: போனில் ஏசுவது அசிங்கம்தான், கண்டியுங்கள். பயப்பட வேண்டிய கட்டம் வேறு. யாராவது அவனுக்கு இலவச டிக்கெட், பஸ், டீ-சர்ட் தருகிறார்களா, அந்தக் கூட்டத்தில் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஜாதியையோ மதத்தையோ திட்டச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அவன் வெறும் ரசிகன்.

20 மே, பகல் 1.40

எல் சால்வடோர், ஹொண்டுராஸ் 'கால்பந்துப் போர்' பற்றி எழுதியவருக்கு. பெயர்தான் கால்பந்து. 1969 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஆடினார்கள். ஜூலை 14இல் எல் சால்வடோர் படை எல்லை தாண்டியது. நாலு நாளில் சண்டை நிறுத்தம். இடம் போதாமல் எல் சால்வடோரிலிருந்து ஹொண்டுராஸுக்குப் போய்க் குடியேறிய விவசாயிகள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். ஹொண்டுராஸ் நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் பெரிய பண்ணைகளைத் தொடாமல் இந்த ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கித் துரத்தியது. போருக்குக் காரணம் அந்த நிலம். ஆட்டத்தின் மேல் பழியைப் போட்டால் பண்ணை முதலாளிகளைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

22 மே, இரவு 11.30

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். ரசிகனை வெறும் களிமண்ணாகவும், எவனோ வந்து பிசைகிறான் என்பதாகவும் ஆக்குகிறேன் என்று ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி நியாயமானது. மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன்.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். நான் கேலரியில் இருந்தேன். பாகிஸ்தானோடு அந்தத் தொடரே நடக்குமா என்று இருந்தது. டெல்லி மைதானத்தின் பிட்சைச் சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டதால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தார். ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக் பந்தில் தூக்கி அடித்து, வாசிம் அக்ரம் பிடித்தார். கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் அதுவும் போனது. 12 ரன்னில் தோல்வி.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. என் பக்கத்தில் ஒரு பெரியவர், வேட்டி, கையில் டிரான்சிஸ்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றார், தட்ட ஆரம்பித்தார். எங்கிருந்து முதலில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. கேலரி கேலரியாக எழுந்தது. பாகிஸ்தான் வீரர்கள் முதலில் திகைத்தார்கள், அப்புறம் மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தார்கள். எனக்குத் தொண்டை வலிக்கும் வரை கத்தினேன்.

மூன்று வாரத்துக்குள் கல்கத்தா. சச்சின் ஷோயப் அக்தரோடு மோதி ரன் அவுட்டானார். பாட்டில்களும் கல்லும் பறந்தன. கடைசி நாள் போலீஸ் அரங்கத்தைக் காலி செய்து ஆட்டத்தை முடித்தது. கல்கத்தாக்காரர்கள் கெட்டவர்கள், நாம் நல்லவர்கள் என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். சேப்பாக்கத்தில் அன்று சச்சினின் விக்கெட் பளிச்சென்று விழுந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. கல்கத்தாவில் "ஏமாற்றினார்கள்" என்று நினைக்க ஒரு காரணம் கிடைத்தது. அந்த ஒரு நினைப்பு போதும், எந்த ஊர்க் கூட்டமும் மாறிவிடும். மிலோசெவிச் செர்பியர்களிடம் வருஷக்கணக்கில் விதைத்ததும் இதுவே: உங்களை ஏமாற்றினார்கள்.

ஆனால் எழுந்து நின்று தட்டவும் ரசிகனால் முடியும். அதையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியானால் கல்லெறிவதற்கும் அவனே பொறுப்பு. அந்த அம்மாவுக்கு இதை நான் தந்தாக வேண்டும். சிகரெட்டோடு கால் ஓங்கியவனுக்கு ஆர்கான் துப்பாக்கி கொடுத்தார். கால் அவனுடையது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991 மே 29, இத்தாலியின் பாரி நகரம். ரெட் ஸ்டார் மார்செய் அணியைப் பெனால்டியில் வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. கடைசிப் பெனால்டியைப் போட்டவர் மாசிடோனியர் பான்செவ். நடுவில் ஆடிய புரோசினெச்கி பிற்பாடு குரோஷியாவுக்கும் ஆடியவர். சாவிசெவிச் மாண்டினீக்ரோக்காரர். மிஹாய்லோவிச் வூகோவார் பக்கத்துப் பையன், அப்பா செர்பியர், அம்மா குரோஷியர். வூகோவாருக்குப் பக்கத்து ஊரான பொரோவோ செலோவில் 12 குரோஷியப் போலீஸார் கொல்லப்பட்டு நாலு வாரம்கூட ஆகவில்லை. டெலியேக்கள் பல இனம் கலந்த இந்த அணிக்காகத்தான் அன்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆறு மாதத்தில் வூகோவார் இல்லை.

25 மே, காலை 10.10

"டிவியும் இன்டர்நெட்டும் வந்து கெடுத்தது" என்பவருக்கு: கி.பி. 532, கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். தேரோட்டப் பந்தயத்தில் நீலக் கட்சி, பச்சைக் கட்சி. சாமானியர் முதல் பேரரசர் வரை எல்லோரும் ஏதாவதொரு பக்கம். ஜஸ்டினியனே நீலத்தின் ஆதரவாளர். தூக்குமேடை உடைந்து உயிர் தப்பிய இரண்டு குற்றவாளிகளில் ஒருவன் நீலம், ஒருவன் பச்சை. அவர்களை மன்னிக்கச் சொல்லி இரண்டு பக்கமும் கைகோத்தது. நகரம் எரிந்தது, பழைய ஹாகியா சோஃபியா கோயிலும் எரிந்தது. வரிச்சுமையில் வெந்துபோன கூட்டத்தைச் செனட் பிரபுக்கள் பிடித்துக்கொண்டு ஹிப்பேஷியஸ் என்பவரைப் பேரரசர் ஆக்கப் பார்த்தார்கள். தளபதி பெலிசாரியஸ் பந்தயத் திடலுக்குள் படையை விட்டார். 30,000 பேர் செத்தார்கள் என்கிறார் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த புரோகோபியஸ். அங்கேயும் கூட்டம் தயாராக இருந்தது, பிரபுக்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

28 மே, இரவு 9.15

டெலியேக்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டவருக்கு. ஆர்கான் ஓபிலிச் என்ற சின்ன கிளப்பை வாங்கி 1998இல் யுகோஸ்லாவிய லீக் பட்டமே வென்றார். 2000 ஜனவரி 15இல் பெல்கிரேடில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் சுட்டுக் கொன்றார்கள். யுகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் அவர்மேல் குற்றம் சாட்டியிருந்தது, விசாரணை நடக்கவே இல்லை.

அதே வருஷம் கேலரி திரும்பியது. "ஸ்லோபோடான், செர்பியாவைக் காப்பாற்று, உன்னைக் கொன்றுகொள்" என்று மிலோசெவிச்சை நோக்கிக் கோஷம். அவரைப் பதவியிலிருந்து இறக்க அக்டோபர் 5 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ரெட் ஸ்டார் ரசிகர்கள் உண்டு. போலீஸ் தடியை எப்படித் தாங்குவது என்று பழகியவர்கள் அவர்கள்தான். இதைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன், இப்போதும் படுகிறேன். ஆனால் 2010இல் ஜெனோவாவில் இத்தாலியோடு ஆட வந்த செர்பிய ரசிகர்கள் தீப்பந்தம் எறிந்து சில நிமிடங்களில் ஆட்டத்தை நிறுத்த வைத்ததையும் மறக்க முடியவில்லை. பழக்கம் போகவில்லை.

மாக்சிமிர் வாசலில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1990 மே 13 அன்று இந்த மைதானத்தில் செர்பியாவோடு போரைத் தொடங்கிய ரசிகர்களுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் முதலில் படித்த செய்தி அங்கிருந்துதான் கிளம்புகிறது. டைனமோ ரசிகர்களில் பலர் குரோஷியப் படையில் சேர்ந்து செத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கல் வைப்பது சரி. "தொடங்கிய" என்று பெருமையாகப் பொறித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. படையெடுப்பை எதிர்த்துச் செத்தவனை அது போர் தொடங்கியவனாக்குகிறது.

31 மே, இரவு 10.45

போன வருஷம் இதே தேதியில், 2023 மே 31இல், ஹேக்கில் கடைசித் தீர்ப்பு வந்தது. யோவிசா ஸ்டானிசிச், செர்பிய அரசுப் பாதுகாப்புத் துறையின் தலைவராக இருந்தவர். ஃபிராங்கோ சிமடோவிச், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இருவரும் 2003இல் பிடிபட்டார்கள், 2013இல் விடுதலையானார்கள், 2015இல் மறுவிசாரணைக்கு உத்தரவானது, 2021இல் 12 ஆண்டு சிறை, மேல்முறையீட்டில் 15 ஆண்டு. ஆர்கானின் ஆட்கள் போன்ற படைகளைக் கொண்டு குரோஷியாவிலும் போஸ்னியாவிலும் மக்களைத் துரத்தியடித்த கூட்டுக் குற்றத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

கேலரிப் பையன்களின் பெயர்களை உலகம் நூறு தடவை எழுதியது. இந்த இரண்டு பெயர்களை நம் பத்திரிகைகளில் நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.